டைலரா, டாபாவா, பின்னோக்கித் திட்டமிடலா: பாடநூலை மாற்ற முடியாத பள்ளிக்கு எது பொருந்தும்?

மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் "நம் பள்ளிக்கென்று ஒரு கலைத்திட்டம் உருவாக்குவோம்" என்று தலைமையாசிரியர் சொன்னால், உடனே ஒரு கேள்வி எழும்: "புத்தகம்தான் அச்சாகி வந்துவிடுகிறதே, நாம் உருவாக்க என்ன இருக்கிறது?" நியாயமான கேள்வி. 2018–19-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்த பாடநூல்களில் ஒரு வரியைக்கூடப் பள்ளி மாற்ற முடியாது. ஆனால் ஓர் அலகுக்கு எத்தனை பாடவேளை, எதை நடத்திய பிறகு எதை நடத்துவது, வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்வார்கள், எதைச் செய்து காட்டினால் கற்றுவிட்டதாக ஏற்றுக்கொள்வது ஆகிய நான்கும் பெரும்பாலும் பள்ளியின் கையில்தான் இருக்கின்றன. கலைத்திட்டத்தின் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடும்.

ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகள் இரண்டு கலைத்திட்டங்களை நடத்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பல பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளும் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே நடத்திவந்தன. 2017–18-இல் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். புத்தகம் இருந்தது, கால அட்டவணையில் பாடமும் இருந்தது. வகுப்பறையில் இருந்தது வேறு.

ஆகவே கலைத்திட்டம் உருவாக்கும் முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் நேரக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1,000 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. நாளுக்கு ஒரு கணக்குப் பாடவேளை, 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பருவத் தேர்வு, ஆண்டு விழா, விளையாட்டு விழா, மழை விடுமுறை, ஆசிரியர் பயிற்சி என்று 30 நாள் போகும். மீள்பார்வைக்கு 20 பாடவேளை. மிஞ்சுவது 170. கீழே வரும் எந்த முறையும் இந்த 170-க்குள் உட்கார வேண்டும். இதைப் பார்க்காமல் தொடங்கும் திட்டங்கள் டிசம்பரில் "போர்ஷன் முடியவில்லை" என்ற இடத்துக்கு வந்து நிற்கின்றன.

ஒப்பிட வசதியாக எல்லா முறைகளையும் ஒரே அலகில் ஓட்டிப் பார்க்கலாம்: 6-ஆம் வகுப்புப் பின்னங்கள், குறிப்பாக வேற்றினப் பின்னங்களின், அதாவது பகுதி எண்கள் வேறுபட்ட பின்னங்களின், கூட்டலும் கழித்தலும்.

டைலர்: நோக்கத்திலிருந்து தொடங்குவது

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் முன்வைத்த நான்கு கேள்விகள்தான் இன்றும் பி.எட். வகுப்புகளில் முதலில் வருபவை. பள்ளி எந்த நோக்கங்களை அடைய விரும்புகிறது? அவற்றை அடைய எந்த அனுபவங்களைத் தரலாம்? அந்த அனுபவங்களை எப்படிக் கோர்ப்பது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது? இவை அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. அமெரிக்காவில் 1933 முதல் 1941 வரை 30 பள்ளிகளோடு நடந்த எட்டாண்டு ஆய்வில் மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை ஏற்றவர் அவர்.

டைலரிடமிருந்து பள்ளிகள் உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய இருவழி அட்டவணை. இடப்பக்கம் பாடப்பொருள்: சமப் பங்கீடு, சமான பின்னம், ஒப்பிடுதல், கூட்டலும் கழித்தலும். மேலே பிள்ளையின் செயல்: நினைவுகூர்தல், காரணம் சொல்லுதல், கணக்கிடுதல், புதிய சூழலில் பயன்படுத்துதல், பிறர் செய்த தவறைக் கண்டுபிடித்தல். நான்கை ஐந்தால் பெருக்க 20 கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பக் கூடாது. எது முக்கியமோ அந்த ஒன்பது பத்துக் கட்டங்களில் மட்டும் குறியிட வேண்டும். பெரும்பாலான பள்ளிகளின் கேள்வித்தாள்களை எடுத்து இந்த அட்டவணையில் போட்டுப் பார்த்தால் 'கணக்கிடுதல்' வரிசை மட்டும் நிரம்பி, 'காரணம் சொல்லுதல்' வரிசை வெறுமையாகக் கிடக்கும். அதைக் கண்ணால் பார்ப்பதே பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த முறை தவறும் இடம் எண்ணிக்கை. நோக்கங்களை நுணுக்கி நுணுக்கி எழுதத் தொடங்கினால் ஆண்டுக்கு 90, 100 என்று வளர்ந்துவிடும். 170 பாடவேளையை 90 நோக்கத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவேளைகூடக் கிடைக்காது. வேற்றினப் பின்னக் கூட்டல் இரண்டு பாடவேளையில் யாருக்கும் வராது. ஓர் அலகுக்கு நான்கு நோக்கத்துக்கு மேல் வேண்டாம், ஐந்தாவது எழுதத் தோன்றினால் முதல் நான்கில் ஒன்றை அடிக்க வேண்டும். இன்னொரு குறை: நோக்கத்தை மேலே இருப்பவர்கள் எழுதிக் கீழே அனுப்புவார்கள். வகுப்பு நடத்துபவர் அதைப் பாடக்குறிப்பேட்டில் அப்படியே நகலெடுப்பார். வகுப்பு பழையபடியே நடக்கும்.

டாபா: பிள்ளையின் தவறிலிருந்து தொடங்குவது

எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டா டாபா, அதே எட்டாண்டு ஆய்வில் டைலருடன் மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவர். ஆனால் 1962-இல் அவர் சொன்ன வழி திசையே வேறு. ஆசிரியர்கள் முதலில் சோதனை அலகுகளைச் செய்யட்டும், வெவ்வேறு வகுப்புகளில் நடத்திப் பார்க்கட்டும், திருத்தட்டும், பிறகு அவற்றை இணைத்து முழுச் சட்டகத்தை எழுதலாம், கடைசியாகப் பரப்பலாம். ஓர் அலகுக்குள் அவர் வகுத்த ஏழு படிகளில் முதலாவது தேவையைக் கண்டறிதல். அதற்குப் பிறகுதான் நோக்கம்.

தேவையைக் கண்டறிவது என்றால் பெரிய ஆய்வு எதுவும் இல்லை. எட்டுக் கேள்விகள், ஒரு பாடவேளை, 40 பிள்ளைகள். மதிப்பெண் போடாமல் விடைத்தாள்களைத் தவறின் வகைப்படி குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். பின்னத்தில் வழக்கமாக எழும் குவியல்கள் இவை:

- 1/2 + 1/3 = 2/5 என்று தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியவர்கள்.
- 4 பெரியது என்பதால் 1/4-தான் 1/3-ஐவிடப் பெரியது என்றவர்கள்.
- சமமில்லாத நான்கு துண்டுகளில் ஒன்றை 1/4 என்று ஒப்புக்கொண்டவர்கள்.
- படத்தில் 3/4-ஐச் சரியாக நிழலிட்டு, எண்கோட்டில் அதை 3-க்கும் 4-க்கும் நடுவே வைத்தவர்கள்.

இந்த நான்கும் ஒரே மருந்தில் தீராதவை. நான்காவது குவியலில் இருப்பவருக்குப் பின்னம் ஒரு படம், எண் அல்ல. அவருக்கு மீ.சி.ம. கண்டுபிடிக்கும் பயிற்சி பத்து கொடுத்தால் பத்தையும் செய்துவிடுவார், என்ன செய்தோம் என்று தெரியாமலே. குவியல்கள் எந்த அளவில் வருகின்றன என்று பார்த்த பிறகு 12 பாடவேளைக்கு ஒரு சோதனை அலகு எழுதினால், முதல் நான்கு பாடவேளை எண்கோட்டுக்கும் காகித மடிப்புக்கும் போகலாம். பாடநூலில் முதலில் வருவது அதுவாக இல்லாவிட்டாலும்.

டாபா முறையில் பலர் தாண்டிவிடும் படி ஒன்று உண்டு, அதில்தான் அந்த முறையின் உயிரே இருக்கிறது. அலகை எழுதியவர்கள் நடத்தினால் அது எப்போதும் நன்றாகத்தான் போகும். எழுதுவதில் பங்கில்லாத மூன்றாவது ஆசிரியரிடம் கோப்பைக் கொடுத்து, வாயால் எதுவும் விளக்காமல் நடத்தச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நின்று "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறாரோ அங்கே அலகு இன்னும் எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலை இந்தக் கண்ணோடு பார்ப்பது பயனுள்ளது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான, அட்டைகளைப் படிப்படியாக அடுக்கிய ஏணி முறையைக் கற்றுவந்த ஆசிரியர்களைக் கொண்டு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, 2007–08-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. ஆசிரியர்களே அட்டைகள் செய்தார்கள், பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஏணியில் ஏறினார்கள். கீழிருந்து கட்டப்பட்ட முறை என்பதால் அதற்கு வலிமை இருந்தது. ஆனால் அப்படிக் கட்டப்பட்ட ஒன்று உத்தரவாக மாறி மேலிருந்து வரும்போது, அட்டை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்ற காரணம் பெட்டியோடு வருவதில்லை. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி போயிற்று. காரணம் தெரிந்த ஆசிரியர் வேறொன்றைச் செய்துகொள்வார், தெரியாதவர் அடுத்த படிக்குத் தாண்டச் சொல்வார்.

டாபா முறைக்கு ஆகும் விலை காலம். கோடை விடுமுறைக்கு முன் கண்டறிதல், ஜூன்–ஜூலையில் முதல் நடத்தல், ஆகஸ்டில் திருத்தம், செப்டம்பருக்குப் பின் மூன்றாவது ஆசிரியர் என்று ஓர் அலகுக்கு அரையாண்டு போய்விடும். இரண்டு ஆண்டில் ஒரு பாடத்துக்கு நான்கு அலகு முடிந்தால் நல்ல வேகம். நடுவில் முக்கிய ஆசிரியர் மாறுதலாகிப் போனால் வேலை நின்றுவிடும், கோப்பு ஒழுங்காக இல்லையென்றால்.

பின்னோக்கித் திட்டமிடல்: சான்றிலிருந்து தொடங்குவது

அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விகின்ஸ், ஜே மெக்டை இருவரும் 1998-இல் பரவலாக்கிய முறை மூன்றே கட்டம். பிள்ளை கடைசியில் எதைப் புரிந்திருக்க வேண்டும்? புரிந்ததற்கு எதைச் சான்றாக ஏற்போம்? அதற்குப் பிறகுதான், என்ன நடத்துவது? டைலரின் நாலாவது கேள்வியை இரண்டாவது இடத்துக்கு நகர்த்தியது போலத் தோன்றும். அந்த ஓர் இடமாற்றத்தால் வேலை முழுக்க மாறிவிடுகிறது.

நம் அலகுக்குச் சான்றுப் பணி ஒன்றை எழுதிப் பார்ப்போம். "பாத்திரத்தில் 5/6 லிட்டர் பால் இருக்கிறது. 1/2 லிட்டரைக் காபிக்கு எடுத்தாயிற்று. மீதியை 1/4 லிட்டர் பிடிக்கும் சொம்பில் ஊற்றினால் சொம்பு நிரம்புமா? எப்படித் தெரியும் என்று எண்கோட்டிலோ படத்திலோ காட்டு." மீதி 1/3, அது 1/4-ஐவிட அதிகம், நிரம்பும். கழித்தலும் ஒப்பிடுதலும் ஒன்றில் வந்துவிடுகின்றன. தவறான பழக்கம் உள்ள பிள்ளை தொகுதியிலிருந்து தொகுதியை, பகுதியிலிருந்து பகுதியைக் கழித்து 4/4, அதாவது ஒரு லிட்டர் மீதி என்று எழுதுவார். இருந்ததே ஒரு லிட்டருக்குக் குறைவு. விடை முதலில் இருந்ததைவிடப் பெரிதாக வந்ததே என்று அவர் நிற்கிறாரா, தொடர்ந்து எழுதிக்கொண்டே போகிறாரா என்பதில்தான் நமக்குத் தேவையான தகவல் இருக்கிறது. 10 மதிப்பெண் என்றால் விடைக்கு 2, வழிக்கு 4, காரணத்துக்கு 4. விடைக்கு 6 வைத்தால் காரணம் எழுதும் பழக்கம் ஒரு மாதத்தில் மறைந்துவிடும்.

இந்த முறை இரண்டு நோய்களைப் பிடிப்பதில் கெட்டி. ஒன்று, பக்கம் முடிப்பதையே பாடம் என்று நினைப்பது. மற்றது, பிள்ளைகள் பரபரப்பாக எதையோ செய்துகொண்டிருந்தால் கற்றல் நடக்கிறது என்று நம்புவது. இரண்டாவது நோய்க்கு இங்கே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2012–13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்கு ஒதுக்கிய 20 மதிப்பெண், எண்ணத்தில் அருமையானது. நடைமுறையில் எத்தனையோ இடங்களில் அது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படங்களைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவருவதாகச் சுருங்கியது. எதற்கான சான்று அந்தச் சார்ட் என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்டு எழுதிவைக்காததால் வந்த வினை அது.

கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் பழைய பொதுத்தேர்வு வினாத்தாளை வைத்துவிட்டால், முழு முறையும் தேர்வுக்குத் தயார்செய்யும் இயந்திரமாகிவிடும், அதுவும் வெகு திறமையாக. 10, 12 வகுப்புகளில் இந்த இழுப்பு பலமாக இருக்கும். எனவே பொதுத்தேர்வு வகுப்புகளில் தொடங்காமல் 6, 7-இல் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஸ்டென்ஹவுஸ்: முடிவை முன்கூட்டி எழுத முடியாத பாடங்களுக்கு

மேலே சொன்ன மூன்றும் கடைசியில் பிள்ளை எங்கே வந்து சேர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுகின்றன. கணக்குக்கு அது சரி. ஒரு கவிதையை வாசிப்பதற்கோ, ஊர் ஏரிக்குள் பேருந்து நிலையம் கட்டலாமா என்று விவாதிப்பதற்கோ அது பொருந்தாது. இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967-இல் தொடங்கி வழிநடத்திய மானுடப் புலக் (Humanities) கலைத்திட்டப் பணி 14 முதல் 16 வயது மாணவர்களுக்குப் போர், வறுமை, குடும்பம் போன்ற சர்ச்சைக்குரிய பொருள்களைத் தந்தது. இறுதி நோக்கங்களைப் பட்டியலிடாமல் நடைமுறை விதிகளை வகுத்தது. அதில் முதன்மையானது, ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லி விவாதத்தை முடிக்கக் கூடாது; நடுநிலைத் தலைவராக இருந்து சான்றுகளை முன்வைக்க வேண்டும்.

நம் வகுப்பறையில் இதற்கு முதல் தடை ஆள் எண்ணிக்கை. 45 பேர் விவாதித்தால் ஆறு பேர்தான் பேசுவார்கள். இரண்டு பாடவேளையைச் சேர்த்து 80 நிமிடமாக்கி, 15 பேரை உள்வட்டத்திலும் 30 பேரை வெளிவட்டத்திலும் உட்கார வைக்கலாம். உள்வட்டம் விவாதிக்கும். வெளிவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு வேலை: யார் சான்றோடு பேசினார், யார் மனம் மாறினார், எந்தச் சான்றை யாரும் தொடவில்லை. மூன்று வாரத்தில் எல்லோரும் உள்வட்டத்துக்கு வந்துவிடுவார்கள். சான்றுக் கோப்பில் ஏரியின் பழைய வரைபடம், செய்தி நறுக்கு, ஆயக்கட்டு விவசாயி ஒருவரின் பேச்சு, பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் சொல்வது, மழைக்கால நீர்மட்டக் குறிப்பு என்று ஐந்தாறு இருந்தால் போதும். ஒரே பக்கம் பேசும் சான்றுகளாக இருந்தால் அது பிரச்சாரம்.

குறை வெளிப்படையானது. மதிப்பெண் போடுவது கடினம், ஆசிரியரின் தரத்தையே முழுக்கச் சார்ந்தது. ஆகவே தமிழ், சமூக அறிவியல் இரண்டிலும் பருவத்துக்கு ஓர் அலகு என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது. பள்ளி முழுவதற்கும் இதை நீட்டுவது தவறு.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் சொன்ன சுருள்முறையையும், அதாவது ஒரே கருத்துக்கு மேல் வகுப்புகளில் இன்னும் ஆழமாகத் திரும்பி வருவதையும், பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது உருவாக்கும் முறை அல்ல, அடுக்கும் முறை. மேற்கண்ட எதோடும் சேரும். சுருளுக்கும் திரும்பத் திரும்ப ஒன்றையே நடத்துவதற்கும் வித்தியாசம் தெரிய, 3 முதல் 7 வரை பின்னத்துக்கு ஓர் அட்டவணை எழுதி 'இந்த ஆண்டு புதிதாக என்ன?' என்று ஒரு வரிசை வைத்தால் போதும். மூன்று ஆண்டும் அதே நான்கு துண்டு தோசை வந்தால் அது சுருள் அல்ல, வட்டம்.

எதை எடுப்பது

ஒரே முறையைப் பள்ளி முழுவதற்கும் அறிவிப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. பாடமும் ஆளும் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

மாநிலப் பாடநூலோடு இயங்கும் நடுத்தர அளவுப் பள்ளிக்கு டாபாவின் வரிசையும் பின்னோக்கித் திட்டமிடலின் இரண்டாம் கட்டமும் சேர்ந்த கலவைதான் தாங்கும். தவறுக் குவியல்களிலிருந்து தொடங்குங்கள், உடனே சான்றுப் பணியை எழுதுங்கள், பிறகு பாடவேளைகளைப் பிரியுங்கள், மூன்றாவது ஆசிரியரிடம் கொடுங்கள். டைலரின் அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், சென்ற ஆண்டுக் கேள்வித்தாள்களைப் பரிசோதிக்க மட்டும் வெளியே எடுங்கள். ஐந்தாறு கிளைகள் உள்ள பள்ளிக் குழுமமாக இருந்து, எல்லாக் கிளைகளிலும் ஒரே தேர்வு நடக்கிறது என்றால் வரிசை மாறும்: டைலர் சட்டகம் முன்னால் வர வேண்டும், இல்லையேல் கிளைக்கொரு கலைத்திட்டமாகிவிடும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி என்றால் மூன்றாவது ஆசிரியரை, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில்தான் தேட முடியும். அங்கே கோப்பைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மாற்றிக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும் முதல் கூட்டத்தில் நோக்கம் எழுதத் தொடங்க வேண்டாம். 1971-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் டெக்கர் வாக்கர், கலைத்திட்டக் குழுக்கள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்று கவனித்து எழுதினார்: ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு நம்பிக்கைத் தொகுப்போடுதான் வருகிறார்கள், பிறகு நடப்பதெல்லாம் அந்த நம்பிக்கைகளுக்கிடையிலான பேரம். எனவே முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தோற்பது எதனால்?" என்பதற்கு மூன்று வரி எழுதிச் சுவரில் ஒட்டட்டும். "வீட்டில் கவனிப்பதில்லை" என்று ஒருவரும், "வாய்ப்பாடு தெரியவில்லை" என்று ஒருவரும், "வகுப்பில் பேசவே விடுவதில்லை" என்று ஒருவரும் எழுதியிருந்தால், அவர்கள் மூவரும் ஒரே நோக்கத்தில் கையெழுத்திட்டாலும் மூன்று வெவ்வேறு பாடங்களைத்தான் நடத்தப்போகிறார்கள். முதலில் 40 விடைத்தாள்களை மேசையில் பரப்பி, யார் எழுதியதற்கு அவற்றில் சான்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தேவைப்படும் வசதி பெரிதல்ல, ஆனால் அதைத் தராமல் கேட்கக் கூடாது. ஒரு பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், இருவருக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஓய்வுப் பாடவேளை, அந்த நேரத்தில் அவர்களைப் பதிலி வகுப்புக்கு அனுப்புவதில்லை என்ற தலைமையாசிரியரின் உறுதி. ஓர் அலகுக்கு ஒரு கோப்பு: கண்டறியும் எட்டுக் கேள்விகள், குவியல்களின் எண்ணிக்கை, சான்றுப் பணி, மதிப்பெண் பிரிப்பு, பாடவேளை வாரியான திட்டம், நடத்திய அன்றே எழுதிய அரைப்பக்கக் குறிப்பு. அந்த அரைப்பக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போனால் எழுதப்படவே மாட்டாது. முதல் ஆண்டில் ஒரு பாடம், ஒரு வகுப்பு, இரண்டு அலகு. மற்ற பாடங்களின் ஆசிரியர்கள் "எங்களுக்கு எப்போது?" என்று கேட்டால் அவர்களை அந்த இரண்டு அலகுகளில் ஒன்றுக்கு மூன்றாவது கண்ணாக, 7-ஆம் அல்லது 8-ஆம் பாடவேளையில் பின்வரிசையில் உட்கார வையுங்கள். பின்னம் நடத்துவதைத் தமிழாசிரியர் பார்த்து "அந்தப் பெண் 'பகுதி' என்ற சொல்லைப் 'பங்கு' என்று புரிந்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லக்கூடும். அதைக் கோப்பில் அன்றே சேர்த்துவிட வேண்டும்.